காற்று அசைவு: இல்லை

ஜனவரி 5

டாக்டர் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். உடம்பில் அந்தச் சூடு எப்போது ஏறுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். சில மாதம் எழுதிக்கொண்டு வந்தால் மருந்து தேவையா என்று பார்க்கலாமாம். இருபத்தைந்து வருடமாக விளக்குகளின் சூட்டை அளந்து எழுதுகிறவளுக்குப் பொருத்தமான தண்டனைதான்.

கம்பெனி கொடுத்த புத்தாண்டு டைரியில் எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் பல்பு ஒன்றின் படம் இருக்கிறது.

காலை 6.10, நான்கு நிமிடம், தேங்காய் துருவும்போது. மாலை 5.45, ஆறு நிமிடம், கம்பெனி வேனில். ஜன்னலைத் திறந்தேன். பின்னால் இருந்தவர்கள் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டார்கள்.

எனக்கு நாற்பத்தொன்பது. மாதவிடாய் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. "கோயமுத்தூர்ல மார்கழி மாசம் ஃபேன் போடற ஒரே ஆள் நீதான் சாரதா" என்று சிரித்துவிட்டு இன்னொரு போர்வையை எடுத்துக்கொள்கிறார்.

ஜனவரி 9

எங்கள் நிறுவனம் எல்.இ.டி. விளக்குகள் செய்கிறது. வடிவமைப்புப் பிரிவு என் பொறுப்பு. இந்த வருடத்துப் புது விளக்கு மாடிப்படிகளுக்கும் நடைபாதைகளுக்கும் உரியது: கூரையில் கவிழ்த்துப் பொருத்துகிற, கண்ணாடிக் கிண்ணம் மூடிய சின்ன விளக்கு. உள்ளங்கையில் அடங்க வேண்டும் என்பது முதலாளி நாச்சிமுத்துவின் ஆசை. விற்பனைக்காரர்கள் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டுமாம்.

ஜெபமலர் இன்று தன் சிமுலேஷன் படங்களோடு வந்தாள். நாகர்கோவில்காரி, முப்பத்திரண்டு வயது. எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பொருளைச் செய்வதற்கு முன்பே அது எங்கெங்கே எவ்வளவு சுடும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் அவள் படிப்பு. படத்தில் விளக்கின் அடிப்பாகம் நீலம், மேல் பாகம் ரத்தச் சிவப்பு.

"மேடம், இது கவுந்து தொங்குத வெளக்கு. சூடு மேல ஏறும். மேலதான் டிரைவர் இருக்கு. கெப்பாசிட்டர் நூத்தி நாலு டிகிரி வரைக்கும் போவும்னு காட்டுது."

டிரைவர் என்பது எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட். அதில் முதலில் சாகிற உறுப்பு கெப்பாசிட்டர். தொண்ணூற்றைந்துக்கு மேல் போகக் கூடாது என்பது நாங்கள் வைத்திருக்கும் எல்லை.

"காட்டுது. சரி. யார் பார்த்தது?" என்றேன்.

"இனிமேதான செய்யப்போறோம் மேடம், அதுக்குள்ள யாரு பாப்பா? அதுக்குத்தான இப்பமே போட்டுப் பாக்கது." அவள் அடுத்த படத்தைக் காட்டினாள். "ஆறு மில்லிமீட்டர் உயரத்தக் கூட்டி, கெப்பாசிட்டர இந்த ஓரத்துக்குத் தள்ளிட்டா தொண்ணூத்திரெண்டு. இப்பம் மாத்துனா ஒரு கோடு மேடம். டை வெட்டுனதுக்குப் பெறவுன்னா இரும்பு."

டை என்பது விளக்கின் உடலை வார்க்கிற இரும்பு அச்சு. ஆறு மில்லிமீட்டர் கூடினால் உள்ளங்கை போய்விடும். அதைவிட, எனக்கு இந்த வண்ணப் படங்கள் மீது நம்பிக்கை இல்லை. எந்த எண்ணிலிருந்து சிவப்பு தொடங்குகிறது என்பதைப் படம் போடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். லேத்தில் கடைந்து ஒரு மாதிரி விளக்கு செய்யச் சொல்லியிருக்கிறேன். அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

"அளக்கும்போது நானும் வரட்டா மேடம்?"

தேவையில்லை என்றேன்.

3.30, ஐந்து நிமிடம், அவள் பேசிக்கொண்டிருந்தபோது. அவள் கவனித்தாளா தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஜனவரி 12

அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன். இரவு உப்புமா. சூடு 2 முறை, சிறியவை.

ஜனவரி 17

ஞாயிறு. ஆனாலும் கம்பெனிக்குப் போய் மாதிரி விளக்கை அளந்தோம். பரிசோதனை அறையில் இரும்புச் சட்டத்தில் கவிழ்த்துத் தொங்கவிட்டு, கெப்பாசிட்டர் மீது சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை ஒட்டி, கிண்ணத்தை மூடி, அறைக்கதவைச் சாத்தினோம். 9.30க்கு எரியவிட்டால் மூன்று மணி நேரத்தில் சூடு ஓர் இடத்தில் நிலைத்துவிடும்.

11.20, ஒன்பது நிமிடம். இதுவரை இவ்வளவு வந்ததில்லை. கழுத்திலிருந்து ஆரம்பித்துக் காது வரை. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. டெக்னீஷியன் குப்புராஜ் டீக்குப் போயிருந்தார். ஃபேனைப் போட்டு அதற்கு நேர் கீழே நின்றேன். அவர் திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு அளவுத் தாளின் மேல் குனிந்திருந்தேன். அவர் ஒரு முறை மேலே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

12.40க்குக் கடைசி அளவு: 81. அறை 26. கோடைக்கு 35 என்று வைத்து ஒன்பதைக் கூட்டினால் 90. தேறிவிட்டது. வண்ணப் படத்துக்கும் நிஜத்துக்கும் பதினான்கு டிகிரி வித்தியாசம்.

ஜனவரி 19

வடிவமைப்பை முடிவு செய்யும் கூட்டம். பன்னிரண்டு பேர். ஜெபமலரையும் என்னையும் தவிர எல்லோரும் ஆண்கள். அவள் முதலில் தன் படங்களைக் காட்டினாள். பிறகு நான் மாதிரி விளக்கை எரியவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஜெபமலர், உங்க கம்ப்யூட்டர்ல சுடுது. என் கையில சுடலையே."

எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்து மேஜையைத் தட்டியே சிரித்தார்.

சிரிப்பு அடங்கும் வரை அவள் நின்றாள். பிறகு கேட்டாள்: "மேடம், அளக்கும்போது ஃபேன் ஏதும் ஓடிச்சா?"

கேள்வி எரிச்சலூட்டியது. அளவுத் தாளை அவள் பக்கம் தள்ளி, "மூணாவது வரிய வாசிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்றேன்.

"காற்று அசைவு: இல்லை" என்று வாசித்தாள்.

"வேற சந்தேகம்?"

"இல்ல மேடம்."

அந்த வரி அச்சிலேயே இருப்பது. 2009-இல் அந்தத் தாளைத் தயாரித்தவள் நான். ஒவ்வொரு முறையும் கையால் எழுதுவானேன் என்று அப்படி வைத்தேன். அதையே ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

டை வெட்டச் சொல்லி ஒப்புதல் ஆனது. வரைபடத்தில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் ஜெபமலரின் கையெழுத்து, சரிபார்த்தவர் என்ற இடத்தில் என்னுடையது. ஒப்புக்கொள்ளாத வடிவத்தில் கையெழுத்திட அவள் சற்று யோசித்தாள். "போடும்மா, நேரமாச்சு" என்றார் நாச்சிமுத்து. போட்டாள்.

2.15, நான்கு நிமிடம்.

ஜனவரி 20

தூக்கம் சரியில்லை.

பிப்ரவரி 11

ஜெபமலரை அட்டைப்பெட்டி வடிவமைப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாச்சிமுத்து "அந்தப் பொண்ண என்ன பண்றது அம்மணி?" என்று கேட்டபோது "உங்கள் விருப்பம்" என்றேன். அவ்வளவுதான்.

இளைஞர்கள் அவளைக் 'கலர்படம்' என்று கூப்பிடுகிறார்களாம். குப்புராஜ் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 26

புது விளக்கின் முதல் பெரிய விற்பனை: பணிபுரியும் பெண்கள் விடுதி ஒன்று, நான்கு மாடி, படிக்கட்டு முழுக்க எங்கள் விளக்கு. இருட்டான படிக்கட்டாம், பகலிலும் எரியும். நேற்று பொருத்தி முடித்தார்கள். நாச்சிமுத்து எல்லோருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தார். ஜெபமலர் தன் துண்டை டிஷ்யூ தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். வீட்டில் மகனுக்கு இருக்கும்.

ஏப்ரல் 8

டாக்டரிடம் டைரியைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சூடு மட்டும் எழுதச் சொன்னா ஆபீஸ் கதையெல்லாம் எழுதியிருக்கீங்களே" என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். "வீட்ல சொல்லுங்க. ஆபீஸ்லயும் யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

வீட்டில் அவரிடம் சொன்னேன். "அட, இதுதானா? நான் உனக்கு என்மேல கோபம்னு நெனச்சேன்" என்றார். ஆபீசில் சொல்ல யாரும் இல்லை.

ஜூன் 16

விடுதியிலிருந்து புகார். படிக்கட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்கிவிட்டு அணைகின்றன. அறுபதில் பதினேழு போய்விட்டன. முந்தாநாள் மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருட்டில் படி தவறி விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

ஜூன் 17

குப்புராஜோடு விடுதிக்குப் போனேன். விடுதிக் காப்பாளர் படிக்கட்டின் அடியில் நின்று, "நான் இந்த முட்டியோட மேல ஏற மாட்டேனுங்க, நீங்க போய்ப் பாருங்க" என்றார். எரிகிற விளக்குகளின் கிண்ணத்தை ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தேன். கையை வைத்திருக்க முடியவில்லை. படிக்கட்டில் ஜன்னலே இல்லை. காற்று அப்படியே நின்றது.

மூன்றாம் மாடியில் கட்டுப்போட்ட கையோடு ஒரு பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க பல்பாக்கா?"

ஆமாம் என்றேன்.

"நல்லாத்தாங்க்கா எரிஞ்சுது. நான் காலத் தூக்கி வெக்கற வரைக்கும்." சிரித்தாள். வலது கை. ஏதோ கால் சென்டரில் வேலை. தட்டச்சு செய்ய முடியாததால் சம்பளமில்லாத விடுப்பாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, இடது கையால் சொம்பை எடுத்துக் கொடுத்தாள். பாதி என் சேலையில் கொட்டியது. மன்னிப்புக் கேட்டவள் அவள்.

நான் கேட்கவில்லை. "பார்க்கிறோம்" என்றேன்.

ஜூன் 18

ஐந்து விளக்குகளைப் பிரித்தோம். ஐந்திலும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது. சூட்டில் சாகிற கெப்பாசிட்டர் இப்படித்தான் இருக்கும். சப்ளையர் அனுப்பிய சரக்கே மோசமாக இருந்தாலும் இப்படி இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூன் 19

நாச்சிமுத்துவின் அறை. விடுதி நிர்வாகத்துக்கும் அந்தப் பெண்ணின் வீட்டாருக்கும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அறிக்கையில் 'காரணம்' என்று ஓர் இடமும் அதற்கடியில் 'பொறுப்பானவர்' என்று ஓர் இடமும் இருக்கின்றன.

"கெப்பாசிட்டர்காரன் மேல போட்டா அவன் கோர்ட்டுக்குப் போவான்" என்றார். "வரைபடத்துல யார் கையெழுத்து? அந்தக் கலர்படப் பொண்ணுதான? அவ பேரப் போட்டு, வேலைய உட்டு எடுத்தாச்சுன்னு எழுதிட்டா முடிஞ்சுது. என்ன சொல்றீங்க அம்மணி?"

"அந்தப் பெண்தான் சுடும் என்று சொன்னது" என்றேன்.

"சொன்னா மட்டும் போதுங்களா? சொன்னவ எதுக்குக் கையெழுத்துப் போட்டா? நீங்களே அறிக்கைய எழுதுங்க. பத்து நாள். முப்பதாம் தேதி எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சிருவோம்."

வெளியே வந்தேன். ஜெபமலர் தன் மேஜையில் அட்டைப்பெட்டியின் மூலையில் 'கவனம், உடையும்' என்ற படத்தை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20

ஞாயிறு. பரண் சுத்தம் செய்தேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏன் இன்னிக்கு இதெல்லாம்?" என்றார். துடைப்பத்தை எடுத்துத் தரச் சொன்னேன். பழைய கிரைண்டர் கல்லை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 22

அறிக்கையில் 'காரணம்' என்பதற்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'கெப்பாசிட்டரின் தரம் குறித்த ஐயம்.' 'பொருத்திய இடத்தில் போதிய காற்றோட்டமின்மை.' 'வடிவமைப்பில் வெப்பம் குறித்த கணிப்புப் பிழை.' மூன்றும் நல்ல தமிழ். மூன்றாவதில் பிழை யாருடையது என்று நான் எழுதவில்லை. வரைபடத்தில் இருக்கும் பெயர் அதை எழுதிவிடும்.

ஜூன் 24

ஜனவரியில் அளந்த அதே மாதிரி விளக்கை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னேன். அதே சட்டம், அதே கிண்ணம். குப்புராஜ் கதவைச் சாத்திவிட்டு ஃபேன் சுவிட்சின் அருகே போய் நின்றார்.

"இது அணைஞ்சே இருக்கட்டுங்களா மேடம்?"

"இருக்கட்டும்."

மூன்று மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அறை 31. அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுத் தாளால் விசிறிக்கொண்டார். பிறகு அதுவும் காற்றுதானே என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தினார். எனக்கு இரண்டு முறை வந்தது, 10.50, 12.05. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

கடைசி அளவு 99. முப்பத்தைந்துக்குக் கணக்கிட்டால் நாலு கூட்ட வேண்டும். 103.

ஜெபமலரின் படம் 104 என்றது. பொருளைச் செய்வதற்கு முன்பே, ஒரு கோட்டை நகர்த்தினால் போதும் என்று இருந்த நாளில்.

"குப்புராஜ், அன்றைக்கு நீங்கள் பார்த்தீர்கள்."

"பாத்தனுங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க போட்டிருக்கறீங்க. அதுல ஏதோ கணக்கு இருக்கும்னு உட்டுட்டனுங்." ஃபேன் சுவிட்சைப் பார்த்துச் சொன்னார்: "வேற யாராச்சும் போட்டிருந்தா அப்பவே அணைச்சிருப்பனுங்."

ஜூன் 25

ஜனவரிப் பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. 11.20, ஒன்பது நிமிடம். ஃபேனைப் போட்டேன். அணைத்ததாக எங்கும் இல்லை. டாக்டருக்காக எழுதியது இப்படிச் சாட்சியாக வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில் ஜெபமலரின் கேள்வி 'எரிச்சலூட்டியது' என்று இருக்கிறது. அது பொய். அவள் கேட்ட அந்த நொடியிலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கூரையில் சுற்றுகிற ஃபேனும் குப்புராஜ் மேலே பார்த்ததும் கண்ணில் வந்து நின்றன. ஓடியது, இன்னொரு முறை அளந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. ஜனவரியில் எதற்கு ஃபேன் என்று யாராவது கேட்பார்கள். பத்து ஆண்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து தாளைத் தள்ளினேன். தள்ளியதோடு விட்டிருக்கலாம். அவளையே வாசிக்க வைத்தேன்.

வண்ணப் படத்தை நம்ப மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவள், நானே அச்சடித்த ஒரு பொய்யை நம்பச் சொன்னேன்.

ஜூன் 27

ஞாயிறு. விடுதிக்குத் தனியாகப் போனேன். அந்தப் பெண் பெயர் தேன்மொழி. கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். விளக்கு தவறானது, தவறு என்னுடையது என்று சொன்னேன். "நீங்க ஒருத்தரேவா எல்லா பல்பும் பண்ணீங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. வாங்கிப் போன ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கையால் அவள் அதை எப்படி நறுக்குவாள் என்று பஸ்ஸில்தான் தோன்றியது.

ஜூன் 30

கூட்டம். அதே அறை, அதே பன்னிரண்டு பேர். ஜெபமலரைக் கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

அறிக்கையை எழுந்து நின்று வாசித்தேன். காரணம்: மூடிய கிண்ணத்துக்குள் கெப்பாசிட்டர் 103 டிகிரி வரை சூடாகிறது. இதை ஜெபமலர் ஜனவரி 9 அன்றே கணக்கிட்டுச் சொன்னார். மாற்று வடிவமும் கொடுத்தார். ஜனவரி 17 அன்று எடுத்த அளவு தவறானது; அளக்கும்போது அறையில் ஃபேன் ஓடியது. பொறுப்பானவர்: சாரதாமணி.

விற்பனைப் பிரிவின் தங்கவேல், "ஃபேன் எப்படிங்க ஓடும்? தாள்ல இல்லைன்னுல்ல இருந்துது" என்றார்.

"அது அச்சில் இருப்பது. யாரும் பார்த்து எழுதுவதில்லை. ஃபேனைப் போட்டது நான்."

"ஜனவரி மாசத்துல எதுக்குங்க ஃபேனு?" யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

இதற்குத்தான் ஆறு மாதமாகப் பயந்திருந்தேன்.

"எனக்கு மாதவிடாய் நிற்கிற வயது. உடம்பு திடீரென்று கொதிக்கும். அன்றைக்குக் கொதித்தது. ஃபேனைப் போட்டேன், அணைக்கவில்லை. இதே அறையில் ஜெபமலர் கேட்டபோது எனக்கு ஞாபகம் இருந்தது. உங்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன்."

தங்கவேல் மேஜையைப் பார்த்தார். நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம். "சரிங்க அம்மணி, உட்காருங்க" என்றார் கடைசியில். வீட்டில் பெரியவர்கள் அழுகிற ஒருவரிடம் பேசுகிற குரல். நான் அழவில்லை.

இத்தனை நாள் பயந்த வெட்கம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மற்ற வெட்கம்தான் அப்படியே இருக்கிறது.

எனக்கு எழுத்தில் கண்டனம், பதவி உயர்வு நிறுத்தம். விடுதியின் அறுபது விளக்குகளையும் மாற்றித் தர வேண்டும். தேன்மொழியின் மருத்துவச் செலவும் விடுப்புக்கால ஊதியமும் கம்பெனியின் பொறுப்பு. டை மறுபடியும் வெட்ட வேண்டும். ஜெபமலர் பழைய வேலைக்குத் திரும்பலாம்.

அவள் எழுந்து, "ரொம்ப நன்றி சார். நான் போன வாரமே பெங்களூர்ல வேலைக்கு ஒத்துக்கிட்டேன். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் இருப்பேன்" என்றாள்.

ஜூலை 1

அவள் மேஜைக்குப் போனேன். நான் உட்காரவில்லை, அவளும் உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிக்க வேண்டும்" என்றேன். "நீங்கள் கேட்டதும் சொல்லியிருக்க வேண்டும்."

அவள் கம்ப்யூட்டரில் ஏதோ தேடினாள். ஒரு படத்தைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினாள். அதே விளக்கு, அதே கிண்ணம். ஆனால் இந்தப் படத்தில் விளக்கைச் சுற்றி ஓர் அறை இருந்தது. அறையின் கூரையில் மூன்று இறக்கைகள். அங்கிருந்து காற்று நீல நீலக் கோடுகளாக இறங்கி வந்து கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கெப்பாசிட்டரின் மேல் 89.6 என்று இருந்தது.

கோப்பின் தேதி ஜனவரி 19, மாலை 5.40.

"தொண்ணூறு எப்படி வரும்னு அன்னைக்குச் சாயந்திரமே போட்டுப் பாத்தேன் மேடம்" என்றாள். "ஃபேன் ஓடுனா மட்டும்தான் வருது."

"அப்படியானால் உங்களுக்கு முதலிலிருந்தே தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"தாள வாசிக்கச் சொன்னீங்கள்லா. வாசிச்சிட்டேன். அதுக்குப் பெறவு நான் போயி கம்ப்யூட்டர்ல ஃபேன் ஓடுதுன்னு சொன்னா, அதுக்கும் சிரிப்பாங்க." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன். அப்பறம் பெட்டி வரையச் சொல்லிட்டாங்க."

அவள் படத்தை மூடினாள்.

"எதுக்கு ஃபேனப் போட்டீங்கன்னும் எனக்குத் தெரியும் மேடம். ஒன்பதாம் தேதி நான் படம் காட்டும்போதே உங்களுக்கு வேர்த்து ஊத்துச்சு. எங்க அம்மைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அதான் அத்தன பேரு முன்னாடி ஃபேன் ஓடிச்சான்னு மட்டும் கேட்டேன். ஏன்னு கேக்கல."

இதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 4

ஞாயிறு. கிரைண்டர் கல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஜூலை 12

அளவுத் தாளைப் புதிதாகத் தட்டச்சு செய்தேன். அச்சில் பதில் எதுவும் இல்லை. 'ஃபேன்:', 'கதவு:', 'அறையில் இருந்தவர்கள்:' எல்லாம் வெற்று இடங்கள். அளக்கும்போது கையால் எழுத வேண்டும். குப்புராஜ் பார்த்துவிட்டு, "கை வலிக்குமுங்க" என்றார். வலிக்கட்டும் என்றேன்.

ஜூலை 21

திருத்திய விளக்கு பற்றி ஜெபமலரோடு காலை முழுவதும் உட்கார்ந்தேன். அவள் போவதற்குள் முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் எதையும் செய்யவில்லை, வெட்டவில்லை. திரையில் வெறும் கோடுகள். ஆறு மில்லிமீட்டர் கூட்டினாள். நான் கேள்விகள் கேட்டேன், நிறைய. கிண்ணத்துக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள்? ஜன்னல் இல்லாத படிக்கட்டு என்று வைத்தீர்களா? சிவப்பு எந்த எண்ணிலிருந்து? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சிலவற்றுக்கு, "நல்ல கேள்வி மேடம்" என்று திரும்பக் கணக்கிட்டாள். 92, பிறகு 93.

இந்தக் கேள்விகளை ஜனவரி 9 அன்று கேட்டிருக்கலாம். அன்றும் இதே கேள்விகள் என்னிடம் இருந்தன.

11.05, ஐந்து நிமிடம். கழுத்தில் ஆரம்பித்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை, கைக்குட்டையை மட்டும் எடுத்தேன்.

ஜெபமலர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்துபோய், ஃபேனைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.